படம்: பி. தேவராஜ்

கறுப்புத் துணியின் மேல் நான்கு வட்டக் கண்ணாடிகளை வரிசையாக வைத்துவிட்டுக் கடைக்காரர் ரிச்சர்டு என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கேமரா என் கழுத்தில் தொங்குகிறது, பட்டை உரசி உரசிப் பிடரியில் ஒரு கோடே விழுந்திருக்கிறது, இருந்தாலும் கேள்வி அவருக்குத்தான். "சாருக்கு எதுக்குங்க ஃபில்டர்? லேண்ட்ஸ்கேப்புக்கா, பூவுக்கா?" "ரெண்டுக்குந்தானுங்க" என்கிறார் இவர், என் வீட்டுக்காரர் தேவராஜ், நூல் வியாபாரிகள் சங்கத்தின் பொருளாளர், லென்ஸ் மூடியைக் கழற்றாமலே பேத்தியின் பிறந்தநாளைப் படம் எடுத்த மகான். எனக்குக் காதோரம் சூடாகிறது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வண்டியிலேயே ஏறினேன். சங்கம் அடுத்த வருடத்துக்கு அடிக்கப்போகிற காலண்டரில் என் படங்களுக்குக் கீழே என் பேரைப் போட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு மூலனூருக்கு வரமாட்டேன், ஒரு படமும் எடுத்துத் தரமாட்டேன். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சிங்காநல்லூர் சிக்னலில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், போன் வந்தது. ராமநாதபுரம் சிக்னல் தாண்டியதும் சொல்லலாம் என்றிருந்தேன், ஓர் ஆட்டோ குறுக்கே புகுந்தது, இவர் திட்ட ஆரம்பித்தார், அந்தத் திட்டு கடை வாசல் வரைக்கும் வந்தது. திட்டுவதற்கு மட்டும் இவருக்கு எவ்வளவு சுலபமாக வாய் வருகிறது! நான் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். பிளஸ் டூ வகுப்பு மொத்தமும் அடங்க எனக்கு ஒரு பார்வை போதும். இந்த ஒரு மனுஷனிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல ஊரில் இருக்கிற சிக்னலெல்லாம் போதவில்லை.

ரிச்சர்டு முதல் கண்ணாடியை ஓரத்தைப் பிடித்து எடுக்கிறார். "இது யூவி சார். லென்ஸுக்குப் பாதுகாப்பு. தூசி, கீறல் ஒண்ணும் அண்டாது." பாதுகாப்பு என்றதும் இவர் தலை ஆடுகிறது. இவருக்குப் பிடித்த வார்த்தை. தனியாக பஸ்ஸில் போகாதே, பாதுகாப்பில்லை. ஃபேஸ்புக்கில் படம் போடாதே, பாதுகாப்பில்லை. போடாததால்தானே நான் படம் எடுக்கிறவள் என்று ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியவில்லை. யூவி வெறும் கண்ணாடி, இந்தக் காலத்துக் கேமராவில் அது படத்துக்கு ஒன்றும் செய்யாது, எதிர்வெயிலில் ஒரு வெள்ளைப் புள்ளியை வேண்டுமானால் கூடுதலாகக் கொண்டுவரும். அடுத்தது மேல்பாதி கறுத்தும் கீழ்ப்பாதி தெளிந்தும் இருப்பது. வானம் வெளுத்துப் போகாமல் பிடித்து வைக்கும், நல்லதுதான், ஆனால் வட்டக் கண்ணாடியில் அந்தக் கோடு நட்டநடுவில் நின்றுவிடும், எப்போதும் பாதி வானம் பாதி பூமி என்று எடுக்க வேண்டிவரும். மூலனூர்ப் பக்கம் அப்படிச் சரிபாதியாகவா இருக்கிறது, அங்கே முக்காலே மூணு வீசம் வானம், கீழே ஒரு கோடு பூமி, அந்தக் கோட்டில் நாலு காற்றாலை. மூன்றாவது பூவைக் கிட்டக் கொண்டுவந்து பெரிசாகக் காட்டும் கண்ணாடி, மகரந்தம் வரைக்கும் தெரியும், ஆனால் ஓரமெல்லாம் கலங்கிப் போகும். நாலாவது போலரைசர், மினுக்கத்தை அடக்குகிற கண்ணாடி. எனக்கு வேண்டியது அதுதான். கடைக்குள் கால் வைக்கும்போதே எனக்குத் தெரியும். கேட்டால் சொல்வேன். யார் கேட்டார்கள்?

இவர் நாலையும் மாறி மாறித் தூக்கிப் பார்க்கிறார், கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி. விரல் ரேகை பதிகிறது, ரிச்சர்டு துடைக்கிறார், மறுபடி பதிகிறது. தொடாதீர்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. போன ஐப்பசியில் மூலனூர்க் காட்டில் குப்புறப் படுத்திருந்தது நான். காடு என்றால் எங்கள் பக்கம் விளைநிலம். கண்வலிக்கிழங்குக் காடு, நான் வகுப்பில் செங்காந்தள் என்று நடத்திய பூ. முந்தின ராத்திரி பெய்த மழையில் செம்மண் குழைந்து கிடந்தது, முழங்கையெல்லாம் சேறு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்திருந்தேன். விடிந்ததிலிருந்து பெண்கள் வரிசை வரிசையாகப் போய், ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைக் கையால் எடுத்துச் சூல்முடியில் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படித் தொட்டு வைத்தால்தான் அந்தச் செடி நன்றாகக் காய் பிடிக்கும், வண்டை நம்பி விட்டால் விவசாயி தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதில் ஒருத்தி என் தலைமாட்டில் நின்று, "ஏனுங்கம்மிணி, பூமாதேவியக் கும்புடறீங்களா, இல்ல ஏதாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?" என்று கேட்டாள். நான் சிரித்ததில் கேமரா ஆடிவிட்டது. எனக்கு அன்றைக்குச் சிக்கல் பூவில் இல்லை, இலையில். ஈரம் பட்ட இலை வெயிலில் எண்ணெய் தடவினது போல மினுங்கியது, படத்தில் அங்கங்கே வெள்ளைத் திட்டு, அந்தத் திட்டுகளுக்கு நடுவில் பூவின் சிவப்பு சப்பென்று ஆகிவிட்டது. போலரைசர் அப்போது என்னிடம் இல்லை. எழுந்து போய் வண்டிக் கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே இவர் சீட்டைச் சாய்த்துப் போட்டு, ஏ.சி.யில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். "உங்க கூலிங் கிளாஸக் குடுங்க" என்றேன். வண்டிக் கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கி, "உனக்கும் வெயில் தாங்கலியா?" என்று நீட்டினார். மகன் வாங்கித் தந்த நல்ல கூலிங் கிளாஸ், அதுவும் போலரைசர் ஜாதிக் கண்ணாடிதான். லென்ஸுக்கு முன்னால் ஒரு கையால் பிடித்து மெல்லத் திருப்பினேன். திருப்பத் திருப்ப இலை மினுக்கம் அடங்கிக்கொண்டே வந்தது, ஒரு இடத்தில் முழுக்க அணைந்தது. பச்சை பச்சையாகவே நின்றது. அதன் மேல் அந்தச் சிவப்பும் மஞ்சளும் எழுந்து நின்றன. கல்யாணம், பிள்ளைப்பேறு, வேலை உத்தரவு, எதிலும் நான் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை, சத்தியமாகப் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தைத்தான் இவர் தன் பேரில் எழுதிக்கொண்டார்.

காலண்டர் கட்டு வீட்டுக்கு வந்தபோது ஓடிப்போய்ப் பிரித்தது நான்தான். ஒவ்வொரு மாதத்துக்கும் என் படம், ஒவ்வொரு படத்துக்கும் கீழே, படம்: பி. தேவராஜ். அச்சுப் பிழை என்றே முதலில் நினைத்தேன், என் புத்தியை என்னவென்று சொல்ல. கேட்டேன். "சங்கத்துக் காலண்டர்ல சங்கத்து ஆளு பேரத்தான போடுவாங்க அம்மிணி? உன்ற பேரு என்ற பேருன்னு நமக்குள்ள என்ன இருக்குது?" என்றார். ஒன்றும் இல்லையென்றால் என் பேரைப் போட்டிருக்கலாமே! அப்போது கேட்கத் தோன்றவில்லை, ராத்திரிப் பாத்திரம் கழுவும்போது தோன்றியது. எனக்கு நல்ல பதிலெல்லாம் பாத்திரத்தோடுதான் வரும். "என்ற கிளாஸ வெச்சுத்தான எடுத்த?" என்று வேறு சொன்னார். ஆமாம், அம்மியை இரவல் தந்த பக்கத்து வீட்டுக்காரி, சட்னி தன் கைப்பக்குவம் என்று சொல்லிக்கொள்ளட்டும். தை மாதம் வரைக்கும் யாராவது பாராட்டினால் கொஞ்சம் நெளிவார், அதைப் பார்த்து எனக்கும் பாவமாக இருக்கும். மாசியில் நெளிவது நின்றது. சித்திரையில் மண்டபம் மண்டபமாகத் தானே பெருமை பேச ஆரம்பித்தார், சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, பூவைப் படம் பிடிக்கப் பொறுமை வேண்டும் என்று உபதேசம். பொறுமை! ரசம் வர ஒரு நிமிடம் தாமதமானால் இலையை மூடுகிற ஆள். மகனிடம் போனில் சொன்னேன். "விடும்மா, அப்பாதான, வெளியாளா?" என்றான். வெளியாள் திருடினால் போலீசுக்குப் போகலாம் கண்ணு, அப்பா திருடினால் எங்கே போக?

"அன்னைக்குப் பாருங்க ரிச்சர்டு," இவர் ஆரம்பித்துவிட்டார், "இந்தப் படத்துக்குத்தான், செஞ்சேத்துல குப்புறப் படுத்திருக்கறேன், கேமராவக் கண்ணுல வெச்சிருக்கறேன், பக்கத்துல சலசலங்குது. திரும்பிப் பாத்தா, நல்லபாம்பு. இத்தாத்தண்டி." கையை விரிக்கிறார். ரிச்சர்டுக்குப் பின்னால் சுவரில் அந்தக் காலண்டரே தொங்குகிறது, சங்கத்து ஆள் யாரோ கொடுத்திருப்பார்கள். கடையில் கேமரா வைக்கிற முக்காலி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு காலேஜ் பையன்களும் திரும்புகிறார்கள். அது சாரை. சாரைப்பாம்பு, ஐயா. என் முழங்கைக்கு அந்தப் பக்கம் வரப்பில் தன் பாட்டுக்குப் போனது, நான் தன் பாட்டுக்குப் போகட்டும் என்று கிடந்தேன். வீட்டுக்கு வந்து சோறு போடும்போது இவரிடம் சொன்னேன், இவ்வளவு நீளம் என்று. மண்டபத்துக்கு மண்டபம் அது வளர்ந்தது, ஆடியில் ஜாதி மாறி நல்லபாம்பு ஆனது, இப்போது இவர் கையை எடுத்துக் காட்டுகிறார் பாருங்கள், சீறிக்கொண்டு படமும் எடுத்துவிட்டது. பாம்புகூடப் படம் எடுக்கும், இவர்தான் எடுக்கமாட்டார். என் சேறு, என் முழங்கை, என் பாம்பு. எனக்கென்று இவர் விட்டு வைத்தது வலி ஒன்றுதான். அதையும் நேற்று டாக்டரிடம் இவர்தான் சொன்னார், "இவளுக்கு இடுப்புப் பக்கமா வலிக்குதுங்க" என்று, எனக்கு வலிப்பது தோள்பட்டையில்.

ரிச்சர்டின் கண் விரிந்துவிட்டது. "சார், எங்க போட்டோ கிளப்புல வர்ற ஞாயித்துக்கிழம ஒரு வகுப்பு வெச்சிருக்கோம். பூவுக்கு, மலைக்கு, வானத்துக்கு எந்த ஃபில்டர் எடுக்கறதுன்னு. பேச வேண்டியவரு கடைசில வரலைன்னுட்டாரு. நீங்க வந்தீங்கன்னா புண்ணியமாப் போகும்." இவர் திரும்பி என் காதைப் பார்க்கிறார். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கடைக்குப் போனாலும் பேசுவது இவர், தெரிந்தவள் நான். பொருள் சரியென்றால் நான் காதுத் தோட்டைத் தொடுவேன், வேண்டாமென்றால் வெளியே தெருவைப் பார்ப்பேன். கிரைண்டர் வாங்கியது அப்படி, வீட்டுமனை வாங்கியது அப்படி, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததுகூட அப்படித்தான், அவர்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு நான் தோட்டைத் தொட்டேன், இவர் தொண்டையைக் கனைத்து "எங்களுக்குச் சம்மதமுங்க" என்றார். தேவராஜ் எதையும் பார்த்தவுடனே முடிவெடுப்பார் என்று ஊரில் பேர். இப்போது நான் தோட்டையும் தொடவில்லை, தெருவையும் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்துக்கொண்டு இவரையே பார்க்கிறேன், இந்த மனுஷன் எதுவரைக்கும் போவார் என்று பார்க்கிறேன். ஒரு விநாடி தடுமாறினார். அப்புறம், "அதுக்கென்னங்க, வந்துட்டாப் போச்சு" என்றார். என் காது தேவைப்படவில்லை.

அப்படியானால் சனிக்கிழமை சாயங்காலம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சோபாவில் சாய்ந்துகொண்டு, "அம்மிணி, அந்தக் கண்ணாடியப் பத்திக் கொஞ்சம் சொல்லு" என்பார். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நோட்ஸ் கொடுக்க வேண்டும், இவர் ஒப்பிக்க வேண்டும், தப்பாக ஒப்பித்தால் நான் திருத்த வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டவும் வேண்டும். வகுப்பெடுப்பது என் தொழில், அதையும் கொடுத்துவிட வேண்டும். மாட்டேன். சொல்லிவிடு சாந்தாமணி, இப்போதே சொல்லிவிடு. ஆனால் கை வியர்த்துக் கேமராவின் ரப்பர் பிடி பிசுபிசுக்கிறது. சொன்னால் என்ன ஆகும்? பையன்கள் பார்க்கிறார்கள். பாஸ்போர்ட் படத்துக்கு வந்து காத்திருக்கிற அம்மா பார்க்கிறாள். என் குரல் நடுங்கினால் அழுகிறேன் என்று நினைப்பார்கள், கோபத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும் சனியன் பழக்கம் வேறு. இவர் வீட்டில் பேச்சை நிறுத்துவார், தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார், அந்த மௌனம் சுவரெல்லாம் ஊறும், மகள் ஈரோட்டிலிருந்து போன் போட்டு என்னம்மா பண்ணின என்று என்னைத்தான் கேட்பாள். வயசான காலத்தில் பேருக்கு அலைகிறாள் பார் என்பார்கள். பேருக்கு அலைகிறவள். இந்த வார்த்தையை இதுவரை யாரும் என்னைச் சொல்லவில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொண்டு வருஷம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன். அலைந்தால் என்ன? மாசிக்குள் ஒரு பேரை எடுத்துத் தன்னுடையதென்று பழகிக்கொண்டவர் அலையவில்லையா? அவர் அலைந்தால் அது பெருமை, நான் அலைந்தால் அது ஆசையா? எனக்கு நெஞ்சு திகுதிகுவென்று எரிகிறது, அந்த எரிச்சலில் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ரிச்சர்டு ஒரு துண்டுக் காகிதத்தை இழுத்துப் பேனாவைத் திறக்கிறார். "பேனருக்கு இன்னைக்கே குடுத்தாகணுங்க. பேரு எப்படிப் போடட்டும் சார்?"

"சாந்தாமணின்னு போடுங்க" என்றேன்.

குரல் நடுங்கவில்லை. கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பேனா நின்றது. "அது யாருங்க மேடம்?"

"நானுங்க. அந்தச் சுவத்துல தொங்கறதெல்லாம் நான் எடுத்த படம்."

இவர் சிரித்தார். வியாபாரத்தில் கழித்துப்போட்ட நூலைத் தள்ளிவிடும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. "என்ற சம்சாரத்துக்கும் போட்டோன்னாக் கொஞ்சம் ஆசைங்க. நாந்தான் சொல்லிக் குடுத்திருக்கறேன்."

அதுவரை இருந்த கோபமெல்லாம் கோபமே இல்லை. பேரை எடுத்தார், பாம்பை எடுத்தார், போகட்டும், எனக்குத் தெரிந்ததையும் தானே தந்ததாகச் சொல்கிறாரே! துணியின் மேலிருந்த நாலாவது கண்ணாடியை எடுத்து இவர் முன்னால் நீட்டினேன். "சரிங்க. இதுல முன்னாடி வளையம் தனியாச் சுத்துது பாருங்க. இத எதுக்குத் திருப்பறோம்?"

"என்ன அம்மிணி இது, கடையில வந்து..."

"சும்மா சொல்லுங்க. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? மறந்துபோச்சு எனக்கு."

வாங்கிப் பார்த்தார். வளையத்தை இப்படியும் அப்படியும் சுற்றினார். மறுபடி என் காதைப் பார்த்தார், பாவம், பழக்கம் விடவில்லை. "அது... லென்ஸுல டைட்டா மாட்டறதுக்குத்தான்" என்றார்.

பையன்களில் ஒருவன் இருமினான். ரிச்சர்டு தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடி துடைத்த துணியை மடிக்க ஆரம்பித்தார். இவர் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, பாவமாக இருக்கிறதே என்று இன்னும் கோபம் வந்தது. என் பக்கம் குனிந்து, உதடு அசையாமல் சொன்னார். "வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

வீட்டுக்குப் போய் எதைப் பேசியிருக்கிறோம்? வீட்டுக்குப் போனால் கை கால் கழுவுவார், டி.வி. போடுவார், நான் குக்கர் வைப்பேன்.

"இல்லீங்க. இங்கயே பேசிக்கலாம்."

கண்ணாடியை இவர் கையிலிருந்து எடுத்தேன். மேஜையின் கண்ணாடிப் பரப்பில் டியூப்லைட் வெளிச்சம் பாளமாக விழுந்து, அடியில் என்ன இருக்கிறதென்றே தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்தது. பையன்களைப் பக்கத்தில் கூப்பிட்டேன். சாய்வாக நின்று பார்க்கச் சொல்லி, வளையத்தை மெல்லத் திருப்பினேன். வெளிச்சம் மங்கி மங்கி ஒரு இடத்தில் காணாமல் போனது, அடியில் அடுக்கியிருந்த பேட்டரியும் லென்ஸும் பளிச்சென்று தெரிந்தன. "இலை மேலயும் இதே மாதிரி வெளிச்சம் படிஞ்சிருக்கும். அத எடுத்துட்டா இலையோட சொந்த நிறம் வரும், பூவும் நிக்கும். வானத்துக்குன்னா சூரியன் உங்க தோளுக்கு நேரா, பக்கவாட்டுல இருக்கோணும், அப்பத்தான் நீலம் நல்லா இறங்கும். ஒண்ண மறந்துராதீங்க, இது வெளிச்சத்தக் கொஞ்சம் முழுங்கும், காத்துல பூ ஆடறப்பப் படம் கலங்கும்." பேசிக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்துக் குரல் தானாக வந்தது. ஒரு பையன், "மேடம், இன்னொருக்கா திருப்புங்க" என்றான். திருப்பினேன். நிமிர்ந்து பார்த்தபோது பக்கத்தில் இவர் இல்லை. கடைக் கதவுக்கு வெளியே வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்துவது தெரிந்தது. ஓட்டிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை, விளக்கைப் போட்டுக்கொண்டு நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார். நாளைக்கு மூலனூருக்கு வண்டி வராது. தாராபுரம் பஸ் ஏறினால் அங்கிருந்து இன்னொரு பஸ். பாதுகாப்பில்லைதான். இருக்கட்டும்.

ரிச்சர்டு காகிதத்தில் எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டினார். "மேடம், இப்படிப் போட்டுரட்டுங்களா?" சாந்தாமணி தேவராஜ் என்று இருந்தது.

"ரெண்டாவதா இருக்கறத அடிச்சுருங்க."

அவர் கதவுக்கு வெளியே வண்டியைப் பார்த்தார். "சார் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாருங்களா?"

நான் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, நானே அடித்தேன்.